சொல்லிவிட்டுப் போகிறவர்

எங்கள் கல்லூரி மைதானத்தின் கேட்டைப் பூட்டுகிற வேலை என் தலையில் விழுந்திருந்தது. வாட்ச்மேன் அண்ணாச்சிக்குப் பொழுது சாய்ந்தால் கண் மங்கிவிடும். பூட்டை விட்டுவிட்டுக் கம்பியில் சாவியைத் திருகிக்கொண்டு நிற்பார். அதனால் சாவி எப்போதும் என் பையில்தான். ஆட வந்த அணி பஸ் ஏறி, அந்த பஸ் வேம்பார் ரோட்டில் திரும்பிய பிறகுதான் நான் பூட்டிவிட்டு வீட்டுக்குப் போக முடியும். எந்தக் கல்லூரிப் பிள்ளைகள் வந்தாலும், கடைசி விசில் ஊதிக் கொஞ்ச நேரத்தில் இடம் காலியாகிவிடும். அவர் வருகிற நாளில் மட்டும் ஆகாது.

அவர் தூத்துக்குடியில் ஒரு பெரிய கல்லூரியின் பிசிக்கல் டைரக்டர். நான் இங்கே, ஊருக்கு வடக்கே கடற்கரை ரோட்டில் இருக்கிற சின்னப் பெண்கள் கல்லூரியில் அதே வேலை. அவரை எல்லோரும் பி.டி. சார் என்றுதான் கூப்பிடுவோம். பெயரை எழுத வேண்டாம் என்று இருக்கிறேன். எழுதினால் போன் போட்டு அதற்கும் நன்றி சொல்லி அரை மணி நேரம் ஆக்குவார்.

அந்த மனிதருக்கு ஓர் இடத்தை விட்டுச் சட்டென்று கிளம்பத் தெரியாது. பஸ் உறுமிக்கொண்டு நிற்கும். பிள்ளைகள் ஜன்னலோரம் இடம்பிடித்துப் பாட ஆரம்பித்திருப்பார்கள். இவர் நடுவரிடம் போய்க் கையைப் பிடித்துக்கொண்டு நிற்பார். பிறகு கொடி பிடித்த இரண்டு பேரிடமும் தனித்தனியாக. பிறகு கேட்டுக்கு வெளியே டீயும் சுண்டலும் விற்கிற அக்காவிடம். பிறகு வாட்ச்மேன் அண்ணாச்சியிடம், அவருடைய மகள் பிள்ளைக்குக் காய்ச்சல் விட்டதா என்பதுவரை. அதோடு விட்டாலும் பரவாயில்லை. அடுத்து எங்கள் கோல்கீப்பரைத் தேடுவார். அவள் தோற்ற எரிச்சலில் பூட்ஸைக் கழற்றி எறிந்துவிட்டு எங்கேயாவது மூலையில் உட்கார்ந்திருப்பாள். பக்கத்தில் போய்க் குனிந்து சொல்லுவார்.

"அந்த ரெண்டாவது கோலு ஒம்மேல குத்தமில்ல தாயி. கொண்டல் காத்து இழுத்துட்டுப் போயிருச்சு. அப்போ நான் வரட்டா?"

அந்தப் பிள்ளைக்கு அழுகை பொத்துக்கொண்டு வரும். அவளைத் தேற்ற இன்னும் கொஞ்ச நேரம். நான் சாவியைக் கையில் வைத்துக்கொண்டு கேட்டருகில் நிற்பேன்.

"சார், ஒங்க பஸ்ஸுல டீசல் சும்மா வருதா? எங்க வீட்டுல அடுப்பு பத்த வைக்கணும்."

"இந்தா முடிஞ்சுது தங்கச்சி. ஒங்ககிட்ட சொன்னா கெளம்பிர வேண்டியதுதான்."

என்னிடம் சொல்லுவதுதான் எப்போதும் கடைசி. அது முடிந்தால்தான் அவருக்குக் கால் நகரும்.

அவர் வீட்டம்மாவிடம் ஒரு கல்யாண வீட்டில் இதைச் சொல்லிக் குறைப்பட்டேன். பந்தி முடிந்து ரொம்ப நேரமாகியிருந்தது. அவரோ பெண்ணின் அம்மாவிடம் சொல்லி, மாப்பிள்ளையின் சித்தப்பாவிடம் சொல்லி, கொட்டகைக்குப் பின்னால் பாத்திரம் கழுவிக்கொண்டிருந்த சமையல்காரர்களிடம் சொல்லப் போயிருந்தார். அந்த அம்மா நாற்காலியில் சாய்ந்தபடி சிரித்தார்.

"ஏளா, இவுக கெளம்புதேன்னு சொன்னா நான் ஒரு தூக்கம் போட்டு எந்திரிச்சுருவேன். கல்யாணமான புதுசுல அழுதேன். இப்போ பழகிப்போச்சு."

எனக்குப் பழகவில்லை. நான் பனங்காட்டுப் பக்கத்துக் கடைக்காரக் குடும்பம். எங்கள் வீட்டில் சாமான் கொடுத்தோமா, அடுத்த ஆளைப் பார்த்தோமா என்று இருப்போம். அவர் கடற்கரைக்காரர். அவருடைய அப்பாவுக்கு மீன் பிடிக்கச் சொந்த வள்ளம் இருந்தது. அந்த வள்ளத்தில்தான் இந்தப் பழக்கம் தொடங்கியது என்பது எனக்குப் பின்னால்தான் தெரிந்தது.

ஒருமுறை இரண்டு பேரும் ஒரு கூட்டத்துக்குப் போய்க்கொண்டிருந்தோம். வழியில் திரேஸ்புரத்தில் ஆட்டோவை நிறுத்தச் சொன்னார். அவருடைய அணியில் ஸ்டெல்லா என்று ஒரு பிள்ளை, நல்ல ஆட்டக்காரி. கொஞ்ச நாளாகப் பயிற்சிக்கு வரவில்லை. நிச்சயதார்த்தம் முடிந்துவிட்டது என்று பேச்சு. இவர் வீட்டு வாசலில் போய் நின்றதும் அவள் அம்மா பதறிப்போனாள்.

"அவ இல்ல சார். சித்தி வீட்டுக்குப் போயிருக்கா."

உள்ளே கதவுக்குப் பின்னால் கொலுசுச் சத்தம் கேட்டது. எனக்கே கேட்டது. இவர் எதிரில் கவிழ்த்துப் போட்டிருந்த ஒரு வள்ளத்தின் மேல் போய் உட்கார்ந்துகொண்டார். வெயில் மண்டையைப் பிளந்தது. "சார், கூட்டத்துக்கு நேரமாச்சு. கட்டிக்கப்போற பிள்ளைய எதுக்கு மல்லுக்கட்டிக் கூப்பிடுதிய?" என்றேன். "நான் கூப்பிட வரலையே" என்றார். ஆட்டோக்காரர் என்னைப் பார்த்தார். நான் ஆட்டோக்காரரைப் பார்த்தேன்.

கடைசியில் அந்தப் பிள்ளை முகம் சிவக்க வெளியே வந்தாள்.

"சார், நான் இனிமே வரலை சார்."

"சரி தாயி. நல்லா இரு. நாளைக்கு ஒரே ஒரு தடவை கிரவுண்டுக்கு வந்து பிள்ளையள்ட்ட இதையே சொல்லிட்டுப் போ. அதுக, நீ இன்னைக்கு வருவே, நாளைக்கு வருவேன்னு, ஒன் எடத்த விட்டு வச்சுட்டு ஆடிக்கிட்டிருக்குதுவ."

அவ்வளவுதான். எழுந்து மண்ணைத் தட்டிக்கொண்டு ஆட்டோவில் ஏறினார். மறுநாள் அவள் புதுச் சுடிதார் போட்டுக்கொண்டு மைதானத்துக்கு வந்து சொன்னாளாம். சொல்லும்போதே அழுதாளாம். அவள் அழ, எல்லாரும் அழ, அன்றைக்குப் பயிற்சியே நடக்கவில்லையாம். இதைச் சொல்லிவிட்டு அவர் நிம்மதியாகச் சிரித்தார். ஆட்டம் பாழானதற்கு யாராவது சிரிப்பார்களா?

இனி லீக் கதைக்கு வருகிறேன். எங்கள் கடற்கரைப் பக்கத்தில் பெண்கள் கால்பந்து ஆடுகிற கல்லூரிகள் ஆறு. ஆளுக்கொரு பக்கம் தனித்தனியாக ஆடிக்கொண்டிருந்தவர்களை ஒன்றுசேர்த்து, வருடா வருடம் ஒருவர் மைதானத்துக்கு இன்னொருவர் போய் ஆடுகிற மாதிரி ஒரு லீக் தொடங்கலாம் என்று அலைந்தவர் அவர்தான். கல்லூரிக்குக் கல்லூரி பஸ்ஸில் போய்ச் சம்மதம் வாங்கினார். ஒவ்வோர் இடத்திலும் கிளம்ப எவ்வளவு நேரம் ஆகியிருக்கும் என்று நான் கணக்குப் போட்டுப் பார்த்ததுண்டு.

ஒப்பந்தம் எழுத எல்லோரும் ஊருக்குள் ஒரு ஹாலில் கூடினோம். எங்கள் முதல்வர் சிஸ்டர் வந்திருந்தார். மற்றக் கல்லூரித் தாளாளர்கள், ஒரு வக்கீல். யார் பஸ் பிடிப்பது, யார் சாப்பாடு போடுவது எல்லாம் பேசி முடித்தாயிற்று. பாதியில் ஒரு கல்லூரி விலகினால் என்ன செய்வது என்று வக்கீல் கேட்டார். அந்த வருடத்து லீக் செலவு முழுவதையும் விலகுகிறவர்கள் கட்டிவிட வேண்டும் என்று ஒருவர் சொன்னார். எல்லோரும் தலையை ஆட்டினார்கள். பி.டி. சார் மட்டும் எழுந்து நின்றார்.

"பணம்னு மட்டும் எழுதினா, பணம் உள்ளவன் கட்டிட்டுப் போயிருவான் சார். இன்னொண்ணும் எழுதுங்க. போறவுக எந்தெந்த கிரவுண்டுல ஆட பாக்கி இருக்கோ, அங்கனல்லாம் வந்து ஆடிட்டு, அவுக மொகத்தப் பாத்துச் சொல்லிட்டுத்தான் போகணும். அதுவரைக்கும் வெலகுனது செல்லாதுன்னு எழுதுங்க."

வக்கீல் பேனாவை வைத்துவிட்டுச் சிரித்தார். "என்ன சார், கல்யாணத்தன்னைக்கே தீத்து விடுறதப் பேசுறிய?"

அப்போதுதான் வள்ளத்துக் கதையைச் சொன்னார். அவருடைய அப்பா வள்ளத்தில் ஒரு கட்டுப்பாடு உண்டாம். வேறு வள்ளத்துக்குப் போக நினைக்கிறவன் கடைசியாக ஒருமுறை கூடவே கடலுக்கு வர வேண்டும். கரைக்குத் திரும்பி, பங்கைப் பிரித்து, ஒவ்வோர் ஆளிடமும் சொல்லிவிட்டுத்தான் போக வேண்டும். ஒருத்தன் அப்படிச் சொல்லாமல் போய்விட்டான். விடியற்காலையில் மற்ற எல்லோரும் வள்ளத்தைத் தண்ணீருக்குள் தள்ளி வைத்துக்கொண்டு, இந்தா வந்துவிடுவான், இந்தா வந்துவிடுவான் என்று நின்றார்களாம். வள்ளத்தைக் கடலுக்குள் கொண்டுபோகிற கரைக்காற்று அடங்கிப்போயிற்று. வெயில் ஏறிவிட்டது. மற்ற வள்ளமெல்லாம் போயே போய்விட்டன.

"போனவனுக்கு என்ன சார், அவன் வேற வள்ளத்துல கஞ்சி குடிச்சுக்கிட்டிருந்தான். இடுப்பளவு தண்ணியில காத்துக் கெடந்தவுக பாடுதான் பாடு. நானும் அன்னைக்கு அந்தத் தண்ணிக்குள்ள நின்னேன்."

அவர் குரல் கொஞ்சம் மாறியது. சிஸ்டர்தான், "மனுசன் ஆசைப்படுகிறார், எழுதிக்கொள்ளுங்களேன்" என்றார். வக்கீல் எழுதினார். விலகுகிறவர்கள் வந்து ஆட வேண்டாம் என்றால், மற்ற ஐந்து கல்லூரியும் 'வர வேண்டியதில்லை' என்று கையெழுத்துப் போட்டுக் கொடுக்கலாம் என்று தன் பங்குக்கு ஒரு வரியையும் சேர்த்தார். எல்லோரும் சிரித்துக்கொண்டே ஒப்பமிட்டோம். போகும்போது வக்கீலிடம் சொல்லிக்கொள்ள இவருக்கு ரொம்ப நேரம் பிடித்தது.

லீக் நன்றாகத்தான் நடந்தது. உப்பளத்தில் வேலை பார்க்கிறவர்களின் பிள்ளைகளும், வலைகாரர்களின் பிள்ளைகளும், கடைக்காரர்களின் பிள்ளைகளும் பஸ் ஏறி ஊர் ஊராகப் போய் ஆடினார்கள். ஆறு அணி ஆடி முடிக்கிற லீக் என்பதால் அதன் சான்றிதழை விளையாட்டுச் சங்கம் ஏற்றுக்கொண்டது. அதை வைத்து விளையாட்டு ஒதுக்கீட்டில் காவல்துறையிலும் ரயில்வேயிலும் ஒன்றிரண்டு பிள்ளைகளுக்கு வேலை கிடைத்தது. அதன்பிறகு தோற்றாலும் சரி, ஆடினால் போதும் என்று வீட்டிலேயே பிள்ளைகளை அனுப்ப ஆரம்பித்தார்கள்.

அப்புறம் அவருடைய கல்லூரிக்குப் புதுத் தாளாளர் வந்தார். வெளியூரில் படித்த இளைஞர். கெட்டவர் என்று சொல்ல மாட்டேன். சென்னையில் ஒரு புது லீக் தொடங்கினார்கள். செல்போனில் நேரடியாக ஆட்டம் தெரியும், சட்டையின் முதுகில் பெயர் போடுவார்கள், ஏசி பஸ், ஹோட்டல். அதில் சேர அவருடைய கல்லூரியைக் கூப்பிட்டார்கள். எங்களைக் கூப்பிட்டிருந்தால் நாங்களும் துண்டைக் காணோம் துணியைக் காணோம் என்று ஓடியிருப்போம். கூப்பிடவில்லை. அங்கே பெயர் பதிகிற நாளில் வேறு எந்த லீக்கிலும் இருக்கக் கூடாதாம். ஆகவே சீசன் முடிவதற்குள்ளேயே விலகுகிறோம் என்று அறிவித்துவிட்டார்கள்.

மற்ற நான்கு கல்லூரிகளோடும் அவர்கள் ஆடி முடித்திருந்தார்கள். பாக்கி, எங்கள் மைதானத்தில் எங்களோடு ஒரே ஆட்டம்.

அந்த ஓர் ஆட்டத்தில்தான் எங்கள் உயிர் இருந்தது. ஆட்டம் நடக்காவிட்டால் அவர்களுடைய ஆட்டங்கள் எல்லாவற்றையும் அழித்துவிட வேண்டும். அழித்தால் ஆடி முடித்தது ஐந்து அணிதான். அந்த வருடச் சான்றிதழைச் சங்கம் ஏற்காது. எங்கள் கோல்கீப்பர் ரீத்தா கடைசி வருடம். காவல்துறைக்கு விண்ணப்பம் போட இந்த ஒரு சான்றிதழ்தான் அவளிடம் குறை. அவள் அப்பா கடலில் விழுந்து இடுப்பு ஒடிந்து படுத்திருந்தார். அவளுக்கு அடுத்த வருடம் என்று ஒன்று கிடையாது.

இதற்கு நடுவில் செக் வந்தது. ஒப்பந்தப்படி முழுச் செலவு, ஐந்து கல்லூரிக்கும் பங்கு. கூடவே 'நீங்கள் வர வேண்டியதில்லை' என்று நாங்கள் கையெழுத்துப் போட வேண்டிய தாளும் வந்தது. மற்ற நான்கு பேரும் உடனே போட்டுவிட்டார்கள். அவர்களுக்கு என்ன, ஆட்டம் முடிந்துவிட்டது; இந்த வருடச் சான்றிதழை நம்பியிருக்கிற பிள்ளையும் அங்கே இல்லை. எங்கள் சிஸ்டர் செக்கை மேசைக் கண்ணாடிக்கு அடியில் வைத்துக்கொண்டு, மைதானத்துக்கு மேற்கே சுவர் கட்டக் கொத்தனாரை வரச் சொல்லியிருந்தார். ஆட்டத்துக்கு நடுவில் ஆடு புகுந்து புகுந்து அவருக்கும் அலுத்துப்போயிருந்தது.

மறுநாள் மத்தியானம் பி.டி. சார் வந்தார். கல்லூரி பஸ் இல்லை, பிள்ளைகள் இல்லை. டவுன் பஸ்ஸில் வந்து இறங்கி, வேர்த்து விறுவிறுத்து நடந்து வந்தார். எனக்குப் பார்த்ததுமே பற்றிக்கொண்டு வந்தது.

"என்ன சார், சொல்லிட்டுப் போக வந்தீங்களா? நடுவர்ட்ட சொல்லியாச்சா, டீக்கடை அக்காட்ட சொல்லியாச்சா? எங்க ரீத்தாட்டயும் சொல்லிருங்க. ஒம்மேல குத்தமில்ல தாயி, காத்துன்னு சொல்லுங்க. வெறுங்கைய வீசிக்கிட்டு வந்து சொல்லுறதுக்கு நீங்க வராமலே இருந்திருக்கலாம்!"

அவர் நின்று கேட்டுக்கொண்டார். நான் மூச்சு வாங்க நிறுத்தியதும், "கையெழுத்துப் போட்டாச்சா?" என்றார்.

"இன்னைக்குச் சாயங்காலம் சிஸ்டர் போடுதாங்க."

"போட வேண்டாம்னு சொல்லுங்க தங்கச்சி. நாலு பேர் போட்டது பத்தாது. அஞ்சு பேரும் போட்டாத்தான் செல்லும். நீங்க ஒருத்தர் மட்டும், வந்து ஆடிட்டுப் போங்கன்னு கேட்டாலே, எங்க பிள்ளையள் வந்துதான் ஆகணும்."

எழுதும்போது சிரித்த வரி எனக்கு மறந்தே போயிருந்தது. வந்த தாளில் கையெழுத்துப் போடுவது ஒரு சம்பிரதாயம் என்றுதான் நானும் நினைத்துக்கொண்டிருந்தேன்.

"இத நீங்க சொன்னதாச் சொல்லக் கூடாது, அதானே?"

"சொல்லுங்க. தாராளமாச் சொல்லுங்க. நான் ஒளிஞ்சு வரலை. எங்க தாளாளர்ட்ட, இந்த மாதிரி நான் போய்ச் சொல்லப்போறேன்னு சொல்லிட்டுத்தான் வந்துருக்கேன்."

"ஐயோ, சார்! அவர் என்ன சொன்னாரு?"

"போனீகன்னா, பெறவு கிரவுண்டுப் பக்கம் வராதீகன்னாரு." அவர் எங்கள் மைதானத்தைப் பார்த்துக்கொண்டே சொன்னார். "அவர் சொல்லுததும் நியாயம்தான். சம்பளம் குடுக்குறவர்லா."

நான் அதற்குமேல் நிற்கவில்லை. முதல்வர் அறைக்கு ஓடினேன். சிஸ்டர் கண்ணாடியைக் கழற்றி வைத்துவிட்டு நான் சொன்னதையெல்லாம் கேட்டார்.

"அந்தப் பிள்ளைங்க வந்தா நீங்க ஜெயிப்பீங்களா?"

"மாட்டோம் சிஸ்டர். அதுக ஆட்டமே வேற."

"தோக்கிறதுக்கா இவ்வளவு சண்டை போடுற?"

"தோத்தாத்தான் சிஸ்டர் ரீத்தாவுக்குச் சான்றிதழ்."

சிஸ்டர் ஜன்னல் வழியாக மைதானத்தைப் பார்த்தார். அங்கே கோல்கம்பத்தில் ஓர் ஆடு முதுகைச் சொறிந்துகொண்டிருந்தது. அதைப் பார்த்துப் பெருமூச்சு விட்டுவிட்டு போனை எடுத்தார்.

"வணக்கம் தம்பி. பணம் வந்துச்சு, சந்தோஷம். பிள்ளைங்களையும் அனுப்பி வைங்க. ஆடிட்டு, சொல்லிட்டுப் போகட்டும்... இல்ல தம்பி, கையெழுத்துப் போட மாட்டேன்... ஆமா, உங்க பி.டி. சார் எழுத வச்சதுதான். அன்னைக்கு நானும் சிரிச்சேன். இப்போ சிரிப்பு வரலை தம்பி."

அந்தப் பக்கத்தில் என்னவோ இரைச்சலாகக் கேட்டது. சிஸ்டர் போனைக் காதிலிருந்து தள்ளிப் பிடித்துக்கொண்டு என்னைப் பார்த்துக் கண் சிமிட்டினார். ஜெயித்துவிட்டோம் என்று எனக்குத் தெரிந்துபோயிற்று. செய்தியைச் சொல்ல வெளியே ஓடி வந்தேன். பி.டி. சாரைக் காணவில்லை.

"இப்பத்தான் போறாரு" என்றார் வாட்ச்மேன் அண்ணாச்சி. "எங்கிட்ட சொல்லிட்டுப் போனாரு. ஒங்ககிட்ட சொல்லலையோ?"

ரோட்டுக்கு ஓடினேன். பஸ் போய்விட்டிருந்தது. சரி, ஆட்டத்தன்றைக்கு வருவார், அப்போது நல்லதாக நாலு வார்த்தை சொல்லிவிடலாம் என்று நினைத்துக்கொண்டேன்.

வரவில்லை. ஆடாமல் விலகினால் செல்லாது, பெயர் பதிகிற நாளும் நெருங்கிவிட்டது என்பதால் வேறு வழியில்லாமல் பிள்ளைகளை அனுப்பினார்கள். புதுச் சட்டை, முதுகில் பெயர், கூட ஒரு புதுப் பயிற்சியாளர். தொப்பி போட்ட சின்ன வயதுக்காரர். வந்ததிலிருந்து கைக்கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டிருந்தார். ஆட்டத்தைப் பற்றிச் சொல்ல ஒன்றுமில்லை. நாங்கள் நன்றாகத் தோற்றோம். ரீத்தா முட்டியைச் சிராய்த்துக்கொண்டு விழுந்து விழுந்து பிடித்தாள், பிடித்ததைவிட விட்டது அதிகம்.

விசில் ஊதியது. "சீக்கிரம், பஸ்ல ஏறுங்க" என்று புதியவர் கையைத் தட்டினார். ஒரு பிள்ளைகூட ஏறவில்லை.

அவர்கள் வரிசையாக நடுவரிடம் போனார்கள். ஒவ்வொருத்தியாகக் கையைக் கொடுத்து, "போயிட்டு வாரோம் சார்" என்றார்கள். கொடி பிடித்தவர்களிடம் போனார்கள். கேட்டுக்கு வெளியே போய் டீக்கடை அக்காவைச் சுற்றிக்கொண்டார்கள். அந்த அக்கா கண்ணைத் துடைத்துக்கொண்டு எல்லோருக்கும் சுண்டலை அள்ளி அள்ளிக் கொடுத்தார், காசு வாங்கவில்லை. வாட்ச்மேன் அண்ணாச்சிக்கு யார் யார் என்று முகம் தெரியவில்லை, ஒவ்வொருத்தியின் தலையையும் தொட்டுத் தொட்டுப் பார்த்தார். டிரைவர் ஹாரனை அடித்தார். புதியவர் என்னிடம் வந்து, "என்ன மேடம் இது, உங்க ஊர்ல எப்பவும் இப்படித்தானா?" என்றார். நான் ஆமாம் என்று தலையை ஆட்டினேன்.

கடைசியில் அவர்களுடைய கேப்டன் ரீத்தாவைத் தேடிக்கொண்டு போனாள். ரீத்தா கம்பத்துக்குப் பின்னால் காலை நீட்டி உட்கார்ந்திருந்தாள். அந்தப் பிள்ளை குனிந்து சொன்னது எனக்குக் கேட்டது.

"அந்த மூணாவது கோலு ஒம்மேல குத்தமில்லளா. காத்து."

அன்றைக்குக் காற்றே இல்லை. பனையோலை ஆடவில்லை. இரண்டு பேரும் ஒருவரை ஒருவர் கட்டிக்கொண்டு அழுதார்கள். இருட்டிவிட்டது. நான் சாவியைக் கையில் வைத்துக்கொண்டு நின்றேன். யாரையும் ஒரு வார்த்தை வையவில்லை.

சான்றிதழ் கிடைத்தது. ரீத்தா இப்போது கயத்தாறு பக்கம் ஹைவேயில் காக்கிச் சட்டையோடு லாரிக்காரர்களை நிறுத்திக்கொண்டிருக்கிறாள். வந்த பணத்தில் சிஸ்டர் சுவரும் கட்டினார். பணம் பாதிச் சுவருக்குத்தான் போதுமாயிருந்தது. ஆடுகள் மீதிப் பாதி வழியாக வருகின்றன. லீக் அடுத்த வருடம் ஐந்து அணியோடு தள்ளாடி, அப்புறம் உள்ளூரில் புதிதாக வந்த ஒரு கல்லூரியைச் சேர்த்துக்கொண்டு நிமிர்ந்தது. ஒப்பந்தத்தைப் புதுப்பித்து எழுதும்போது அந்த வரியை எடுக்க யாரும் சம்மதிக்கவில்லை.

பி.டி. சாரை அட்மிஷன் ஆபீஸில் ஒரு மேசையில் உட்காரவைத்துவிட்டார்கள். வருகிறவர்களுக்கு விண்ணப்பம் எடுத்துக் கொடுக்கிற வேலை. மைதானத்துக்கு நடந்து பழகிய மனிதர், ஃபேனுக்கு அடியில். கொஞ்ச நாள் பார்த்துவிட்டு வேலையை விடுகிறேன் என்றாராம். மூன்று மாதம் முன்னால் சொல்ல வேண்டும், இல்லையென்றால் மூன்று மாதச் சம்பளத்தைக் கட்டிவிட்டு இன்றைக்கே போகலாம் என்று தாளாளர் சொன்னாராம். மூன்று மாதமும் அந்த மேசையில் இருந்துவிட்டுத்தான் போவேன் என்று இருந்திருக்கிறார். கடைசி நாளன்று கிளம்ப முழுப் பகலும் ஆனதாம். ஆய்வகம், நூலகம், கேன்டீன், தண்ணீர் லாரிக்காரர், எல்லோரிடமும் சொல்லிவிட்டு, தாளாளர் அறைக்கும் போயிருக்கிறார். அங்கேதான் ரொம்ப நேரம் உட்கார்ந்திருந்தாராம். என்ன பேசினார்கள் என்று யாருக்கும் தெரியாது. தாளாளர் வாசல்வரை வந்து அனுப்பிவைத்தார் என்றார்கள்.

இதெல்லாம் எனக்கு எப்படித் தெரியும்? டீக்கடை அக்கா சொல்லித்தான். பி.டி. சார் ஊரை விட்டு மகள் வீட்டுக்குக் கொச்சிக்குப் போவதற்கு முந்தின ஞாயிற்றுக்கிழமை எங்கள் கல்லூரி வாசலுக்கே வந்திருக்கிறார். அக்காவிடம் சொல்லியிருக்கிறார். வாட்ச்மேன் அண்ணாச்சியிடம் சொல்லியிருக்கிறார். சிஸ்டரைப் பார்த்துச் சொல்லியிருக்கிறார். ஞாயிற்றுக்கிழமை நான் அங்கே இருக்க மாட்டேன் என்பது அவருக்கு நன்றாகத் தெரியும்.

எனக்கு வந்தது பாருங்கள் கோபம். அன்றைக்கு ஓர் ஆத்திரத்தில் நாலு வார்த்தை பேசியதற்கா இந்தத் தண்டனை? பொறுத்துப் பார்த்தேன். முடியவில்லை. போன் போட்டேன். பின்னால் மழைச் சத்தமும் மலையாளத்தில் யாரோ பேசுவதும் கேட்டன.

"சார், ஊர்ல உள்ள நாய் பூனைட்டல்லாம் சொல்லிட்டுப் போயிருக்கீகளாம். எங்கிட்ட மட்டும் சொல்ல வாய் வரலையோ?"

"யாரு, தங்கச்சியா? நல்லாருக்கீகளா? சொவரு கட்டியாச்சா?"

"சொவரு கெடக்கட்டும். எங்கிட்ட எதுக்கு சார் சொல்லலை? அன்னைக்குப் பேசுனத மனசுல வச்சிருக்கீகளா?"

"சேச்சே. அதெல்லாம் அன்னைக்கே மறந்தாச்சு." மழை இரைச்சலுக்கு மேலே குரலைக் கொஞ்சம் உயர்த்தினார். "ஒங்ககிட்ட சொல்லுததுதானே தங்கச்சி எப்பவும் கடைசி. ஒங்ககிட்டயும் சொல்லிட்டா பெறவு போயிரணும்லா. அதான் ஒரு ஆள்ட்டயாச்சும் சொல்லாம விட்டு வைப்போம்னு."

"அப்போ நான் தண்ணிக்குள்ள நின்னு காத்துக் கெடக்கணுமாக்கும்?"

"ஆமா" என்றார்.

இந்த மனிதரை என்ன செய்வது? கண்ணைத் துடைத்துக்கொண்டு, வாய்க்கு வந்தபடி வைதேன். எத்தனையோ நாள் கேட்டருகில் நின்று அடக்கிவைத்திருந்ததையெல்லாம் சேர்த்து வைதேன். அவர் அந்தப் பக்கத்தில் சிரித்துக்கொண்டே கேட்டுக்கொண்டிருந்தார். பிறகு போனை வைத்துவிட்டேன். வைக்கிறேன் என்று சொல்லவில்லை.